பாட்டா சொன்னதில் மறுபாதி

சிதறாலில் ஒரு சிறிய நிழல் தாங்கலில் பணிவிடை செய்துவரும் எளியவன் நான். படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். தாங்கல் முற்றத்தைக் கூட்டுவது, தண்ணீர் கோரி வைப்பது, விளக்குக்கு எண்ணெய் விடுவது, உச்சிப்படிப்புக்கு வருகிறவர்களுக்கு இனிமம் கொடுப்பது, இவைதான் எனக்குத் தெரிந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டி வைத்து அய்யாவின் வழியைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவில் இரண்டு வார்த்தை சொல்வதும் உண்டு. மூத்தோர் சொல்லைப் பற்றி எழுது என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மூத்தோர் சொல் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எங்கள் பாட்டா. அவர் பனையேறி. விடியுமுன் காலில் திளாப்புப் போட்டு, இடுப்பில் அருவாப்பெட்டி கட்டி, முருக்குத்தடியோடு கிளம்புவார். காலையும் மாலையும் மரம் ஏறி இறங்கிய உடம்பு. நெஞ்சும் உள்ளங்கையும் மரப்பட்டை மாதிரி காய்த்துப் போயிருக்கும். சாயங்காலம் குளித்து, நெற்றியில் நாமம் இட்டு, தலைப்பாகை கட்டித் தாங்கலுக்குப் போய்விட்டு வந்து திண்ணையில் உட்காருவார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் எது நடந்தாலும் அதற்கு ஒரு சொல் வைத்திருப்பார். எனக்குப் பதினாறு வயதாகும்போது அவர் அய்யா பாதம் சேர்ந்தார்.

அவர் சொன்ன சொற்கள் எங்கள் வீட்டில் இன்றும் புழங்குகின்றன. யாராவது கோபத்தில் வாய் விட்டால், “கலயத்துக்குச் சுண்ணாம்பு, வாய்க்கு அடக்கம்” என்போம். யாராவது பணக்காரன் முன்னால் கூழைக்கும்பிடு போட்டால், “எவன் முன்னாலயும் தலை குனியாத” என்போம். வேலி, எல்லை, கய்யாலை என்று பேச்சு வந்தால், “கய்யாலை இல்லாத விளை கண்டவன் விளை” என்போம். தாங்கலில் பிள்ளைகளுக்கும் இவற்றைத்தான் நான் சொல்லிக் கொடுத்துவந்தேன். பாட்டா சொல்லை நான் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

அந்தப் பெருமை எப்படி உடைந்தது என்பதைத்தான் இன்று சொல்லப் போகிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனால் அய்யா முன்னால் கண்ணாடியில் முகம் பார்த்து நிற்கிற நாம் ஒளிக்க என்ன இருக்கிறது?

எங்கள் ஊர் மலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். திருச்சாரணத்துமலை என்பது அதன் பழைய பேர். அங்கே பாறையில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்தில் ஒரு பெண் துறவி இந்த மலையில் இருந்த பகவதிக்குப் பொன்னில் அணி செய்து கொடுத்த செய்தி அதில் இருக்கிறது. கல்லில் வெட்டியதால் ஆயிரத்து நூறு வருடம் கடந்தும் அந்தச் செய்தி நின்றுவிட்டது. வாயால் சொன்ன சொல்லுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அதைக் கேட்டவன் எப்படி வைத்துக்கொள்கிறானோ அப்படித்தான் அது நிற்கும். எங்கள் பாட்டா சொன்னது ஒரு தலைமுறை தாண்டுவதற்குள்ளேயே பாதி போய்விட்டது. போனது மறதியினால் மட்டும் என்று சொல்ல முடியாது.

2011-ஆம் ஆண்டு ரப்பர் விலை கிலோ இருநூறு ரூபாயைத் தாண்டியிருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நம் கல்குளம், விளவங்கோடு பக்கம் அப்போது எல்லார் கையிலும் டேப்பு. ஒரு செண்ட் நிலத்தைக்கூட விடாமல் அளந்தோம். மரச்சீனி நின்ற இடத்திலும், தென்னைக்கு நடுவிலும் ரப்பர் தை வைத்தோம். எனக்கும் பாட்டா வழியில் வந்த கொஞ்சம் விளை உண்டு. அதன் நடுவே ஒரு நடைவழி போகும். கீழ்வீட்டுக்காரர்கள் ரோட்டுக்கு ஏறி வருவது அந்த வழியாகத்தான். பத்திரத்தில் அப்படி ஒரு வழி கிடையாது. பாட்டா காலத்திலிருந்து நடந்து நடந்து உண்டான வழி.

அந்த வழியை அடைத்தால் ஒரு வரிசை தை கூட வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பதினொரு தை. ஏழு வருடம் கழித்தால் பால் வெட்டலாம். மகளுக்குக் கல்யாண வயது வரும்போது கைக்கு உதவும். அப்படி நினைத்து, ஆள் விட்டு, வழியின் மேல்பக்கம் இருந்த கய்யாலையின் திறப்பைக் கல் வைத்து அடைத்துவிட்டேன். யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பாட்டாவின் சொல் தயாராக இருந்தது. கய்யாலை இல்லாத விளை கண்டவன் விளை. நான் என் எல்லையைத்தானே காக்கிறேன்?

கீழ்வீட்டில் இருந்தது எண்பது வயது தாண்டிய ஒரு பாட்டி, அவருடைய மகள், பேரப்பிள்ளைகள். அவர்கள் நம் தாங்கலுக்கு வருகிறவர்கள் அல்ல. அவர்களுடைய வழிபாடு வேறு. கய்யாலையை அடைத்த மறுநாள் அந்த மகள் வந்து, “அண்ணா, அம்மைக்கு நடக்க முடியாது, சுற்றிப் போனா கால் மணிக்கூர் ஆகுது” என்று சொன்னார். நான் பத்திரத்தைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார். எங்கள் அம்மை அடுக்களையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் தாங்கலில் பிள்ளைகளுக்கு நான் தர்மத்தைப் பற்றித்தான் பேசினேன். முந்திரிக் கிணற்றைப் பற்றிப் பேசினேன். மற்றவர் கிணற்றில் தண்ணீர் கோர விடாத காலத்தில், சாமிதோப்பில் அய்யா ஒரு கிணறு வெட்டச் செய்து, எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் தண்ணீர் கோரிக் குளிக்கச் செய்தார் என்று சொன்னேன். என் நாக்கு கூசவில்லை. மனசு ஒரு பக்கமும் நாக்கு ஒரு பக்கமும் இருந்தால் நாக்குக்கு எப்படிக் கூசும்?

ஐப்பசி மழை பிடித்தது. சுற்றுவழி செம்மண் பாதை. ஒரு நாள் காலையில் அந்தப் பாட்டி மருந்து வாங்கப் போகும்போது வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பில் அடிபட்டுவிட்டது. ஆட்டோ வர வழியில்லை. நான்கு பேர் நாற்காலியில் உட்கார வைத்து, அந்தச் சேற்றில் சுற்றித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஏறினார்கள். என் விளை வழியாகத் தூக்கியிருந்தால் நூறு அடி. நான் அப்போது தாங்கலில் இருந்தேன். நித்தப்பாலுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். ஒரு பையன் ஓடி வந்து சொன்னான். கழுவின அரிசியில் கை அப்படியே நின்றுவிட்டது.

பாட்டி ஆசுபத்திரியில் இருந்து வந்த பிறகு பார்க்கப் போனேன். போவதற்கு எனக்குப் பத்து நாள் ஆயிற்று. கட்டிலில் படுத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்துத்தான் போனேன். அவர், “இரு மக்களே, சாயா குடி” என்றார். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, “பாட்டா சொல்லுவாரே பாட்டி, கய்யாலை இல்லாத விளை கண்டவன் விளைன்னு, அதுனாலதான்…” என்று இழுத்தேன். அப்போதும் பாட்டாவின் முதுகுக்குப் பின்னால்தான் ஒளிந்தேன்.

பாட்டி கொஞ்ச நேரம் ஓட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு சொன்னார்:

“அது பாதி மக்களே. மிச்சத்தையும் உங்க பாட்டா சொல்லுவாரே. கய்யாலை இல்லாத விளை கண்டவன் விளை; கடவு இல்லாத விளை வெறும் காடு. கய்யாலை கட்டும்போ அவரு கல்லை எண்ணி வைப்பாரு. கடவுக்கு இடம் விட்டுட்டுத்தான் முதல் கல்லு வைப்பாரு. அந்தத் திறப்பு அவரு விட்டதாக்கும்.”

கடவு என்பது கய்யாலையில் ஆள் ஏறி இறங்க விடுகிற இடைவெளி. இன்றைய பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லே தெரியாது. எனக்குத் தெரியும். ஆனாலும் பாட்டா சொன்ன அந்த மறுபாதி எனக்கு நினைவில் இல்லை. எத்தனையோ தடவை அதை அவர் வாயால் கேட்டிருப்பேன். எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, வேண்டாததை விட்டுவிட்டேன். நான் விட்டதை அடுத்த வீட்டுக்காரர் பத்திரமாக வைத்திருந்தார். ஏன் என்றால், அந்த மறுபாதியால் பயன் பெற்றது அவர்கள்தான்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மையிடம் போய், “நீ ஏன் அன்றைக்கே என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன். அம்மை சொன்ன பதில் இது: “கலயத்துக்குச் சுண்ணாம்பு, வாய்க்கு அடக்கம்னு உங்க பாட்டா சொல்லுவாரு. நானும் அடங்கியே பழகிட்டேன். ஆனா அவரு அதோட நிறுத்தமாட்டாரு. சுண்ணாம்பு கூடினா அக்கானியும் கெட்டுப்போவும்னு சொல்லுவாரு. கூடிப்போச்சு மக்கா.”

பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு இது விளங்கும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவாவிட்டால் பாளையிலிருந்து இறங்குவது புளித்துக் கள்ளாகிவிடும். அதற்காகச் சுண்ணாம்பை அள்ளிப் பூசினால் அக்கானி காறும், வாயில் வைக்க முடியாது. அளவுதான் முக்கியம். அடக்கமும் அப்படித்தான். கோபத்தில் வாயை அடக்குவது நல்லது. அநியாயம் நடக்கும்போது வாயை அடக்குவது நல்லதல்ல. நாங்களோ முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதிலும் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லத்தான் அதை எடுத்துக்கொண்டோம். வீட்டில் பெண்கள் பேசாமல் இருந்தால் ஆண்களுக்கு வசதி. அதனால் பாட்டாவின் சொல் எங்கள் வீட்டில் பெண்களின் வாய்க்குப் பூட்டாகிவிட்டது. அம்மை அன்றைக்கு அடுக்களையிலிருந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தக் கல்லை வைத்திருக்க மாட்டேன்.

மூன்றாவது சொல்லின் மறுபாதி என் அக்காவிடமிருந்து கிடைத்தது. திருவட்டாறு பக்கம் கட்டிக் கொடுத்த அக்கா. நடந்ததைச் சொன்னபோது, அவள், “பாட்டா உனக்குத் தலைப்பாகை கட்டிவிட்ட அன்னைக்கு என்ன சொன்னாருன்னு ஓர்மை இருக்கா?” என்று கேட்டாள். “எவன் முன்னாலயும் தலை குனியாதன்னு சொன்னாரு” என்றேன். அக்கா சொன்னாள்: “நீ கேட்டது அதுவரைதான். நான் பின்னால நின்னு முழுசும் கேட்டேன். எவன் முன்னாலயும் தலை குனியாத, எவனையும் உன் முன்னால தலை குனிய வைக்காத. அதுதான் அவரு சொன்னது.”

அன்புக்கொடி மக்களே, இந்த மூன்று சொல்லையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். என் எல்லை எனக்கு என்பது முன்பாதி. அடுத்தவனுக்கு வழி விடு என்பது பின்பாதி. அடக்கமாக இரு என்பது முன்பாதி. அநியாயத்துக்கு அடங்காதே என்பது பின்பாதி. தலை நிமிர்ந்து நில் என்பது முன்பாதி. மற்றவன் தலையையும் நிமிர விடு என்பது பின்பாதி. நான் வைத்திருந்தது எனக்கு வசதியான பாதி. விட்டுவிட்டது எனக்குச் செலவு வைக்கிற பாதி. இது என் வீட்டுக் கதை மட்டும்தானா என்று யோசித்துப் பார்த்தேன். நம் எல்லாருடைய கதையும் இதுதானோ என்று பயமாக இருக்கிறது.

நம் முன்னோர் பட்ட பாட்டை நாம் அறிவோம். திருவிதாங்கூர் ஆட்சியில் தலைக்கு வரி கட்டினார்கள். கூலியில்லாமல் ஊழியம் செய்தார்கள். பெண்கள் மேலாடை இட்டதற்காகத் துன்பப்பட்டார்கள். 1859-இல் அரசு விளம்பரம் வந்த பிறகே மேலாடை இட அனுமதி கிடைத்தது. அதுவும் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவது போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. தலையில் துண்டு கட்டினால் குற்றம் என்ற காலத்தில்தான் அய்யா ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபட வைத்தார். அந்தப் பகையினால்தான் சுவாதித் திருநாள் அரசர் காலத்தில் அய்யா திருவனந்தபுரத்தில் சிங்காரத்தோப்புச் சிறையில் இருந்து பாடுபட்டார். இதெல்லாம் நம் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம்.

இந்தப் பாடுகளிலே ஒன்று வழி மறுப்பு. இன்ன சாதிக்காரன் இன்ன தெரு வழியாக நடக்கக் கூடாது என்று இருந்தது. வைக்கத்தில் 1924-இல் சத்தியாக்கிரகம் நடந்தது கோவிலுக்குள் போவதற்குக்கூட இல்லை. கோவிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கு. 1926-இல் நம் சுசீந்திரத்திலும் அந்தப் போராட்டம் வந்தது. 1936-இல் கோவில் நுழைவு விளம்பரம் வந்த பிறகுதான் கதவுகள் திறந்தன. எங்கள் பாட்டா அப்போது வாலிபன். நடக்க வழியில்லாமல் சுற்றிப் போனவர்களை அவர் கண்ணால் கண்டவர். அதனால்தான் கய்யாலை கட்டும்போது கடவுக்கு இடம் விட்டு முதல் கல்லை வைத்தார். அது வெறும் விளைக்காரனின் யுக்தி அல்ல, வழி மறுக்கப்பட்டவன் கற்ற பாடம். அவருடைய பேரன் நான் அந்தக் கடவைக் கல் வைத்து அடைத்தேன். நம்மை நடக்க விடாதவர்கள் செய்ததை நான் பதினொரு ரப்பர் தைக்காகச் செய்தேன்.

அய்யா நமக்குத் தலைப்பாகையையும் கொடுத்தார், கண்ணாடியையும் கொடுத்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது, நம் உள்ளத்தில் இருக்கிற இறையை நாம் காண்கிறோம் என்று பெரியவர்கள் விளக்கம் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். அதற்கும் ஒரு மறுபாதி உண்டு என்று இப்போது நினைக்கிறேன். அந்தக் கண்ணாடி முன்னால் யார் வந்து நின்றாலும் அவர் முகமும் தெரியும். கீழ்வீட்டுப் பாட்டி வந்து நின்றிருந்தால் அவர் முகமும் அதில் தெரிந்திருக்கும். என் முகத்தை மட்டும் காட்டுகிற கண்ணாடியை அய்யா வைக்கவில்லை. தாழ்ந்து கிடப்பவர்களைத் தாங்குவதுதான் தர்மம் என்பதே அவர் போதித்ததன் சாரம். நாம் தாழ்ந்து கிடந்தபோது அந்தச் சொல் நமக்கு ஆறுதலாக இருந்தது. நாம் கொஞ்சம் ஏறி வந்த பிறகு அதே சொல் நமக்குக் கட்டளையாக இருக்கிறது.

துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். எழுநூறு குடும்பங்கள் வாகைப்பதியில் கடற்கரையில் போய் இருந்தார்கள். தினமும் குளித்து, துணி துவைத்து, ஒரு நேரம் சமைத்துச் சாப்பிட்டு, தவம் இருந்தார்கள். அய்யா அதை ஒருவனைத் தனியாக மலைக்கு அனுப்பிச் செய்யச் சொல்லவில்லை. குடும்பம் குடும்பமாக, பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யச் சொன்னார். அத்தனை பேர் ஓரிடத்தில் இருந்தால் ஒருவன் கலயம் தட்டும், ஒருவன் பிள்ளை அழும், ஒருவனுக்குத் தண்ணீர் போதாது. அதற்குள்ளே பொறுமையைக் கற்பதுதான் தவசு என்று எனக்குத் தோன்றுகிறது. அடுத்தவனை வைத்துக்கொண்டு நல்லவனாக இருப்பதுதானே கடினம்.

நான் கய்யாலையைத் திறந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். அது ஒன்றும் வீரச்செயல் அல்ல. தை வைத்து ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. வேர் பிடித்து, இலை விட்டு, நன்றாக நின்றது. பிடுங்க மனசு வரவில்லை. வழிக்கு இரண்டடி போதுமே, ஆறு தையைப் பிடுங்கிவிட்டு ஐந்தை விடலாமா என்று ஒரு நாள் முழுவதும் கணக்குப் போட்டேன். பாருங்கள், அப்போதும் பாதி. கடைசியில் அம்மைதான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போனாள். அவள் பின்னால் நான் போனேன். பதினொன்றையும் எடுத்தோம். ஒரு சொந்தக்காரர், “இன்னைக்கு வழி விட்டா நாளைக்கு விளையையே கேப்பான், பைத்தியமா உனக்கு?” என்று ஏசினார். சில மாதம் என்னோடு பேசவே இல்லை.

கீழ்வீட்டுப் பாட்டி அதன்பிறகு இரண்டு வருடம் இருந்தார். ஆனால் அந்த வழியில் அவர் ஒருநாளும் நடக்கவில்லை. இடுப்பு பிறகு நேராகவே இல்லை. கடைசியில் அவரை அந்தக் கடவு வழியாகத்தான் தூக்கிக்கொண்டு போனோம். நானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தேன். உயிரோடு இருக்கும்போது விடாத வழியை, உயிர் போன பிறகு விட்டேன் என்ற எண்ணம் அன்று என் தோளை அழுத்தியது. இன்றும் அது முழுதாக இறங்கவில்லை. அய்யா முன்னால் நின்று பலமுறை வருந்திக் கேட்டிருக்கிறேன். மன்னிப்பு அவர் தருவார். ஆனால் அந்தப் பாட்டியின் இடுப்பை என்னால் திருப்பித் தர முடியாது. வருகிற பிள்ளைகளாவது இதைக் கேட்டு முதல் கல் வைக்குமுன் யோசிக்கட்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

ரப்பர் விலை பிற்பாடு என்ன ஆயிற்று என்று உங்களுக்கே தெரியும். 2016-இல் கிலோ நூறு ரூபாய்க்கும் கீழே போயிற்று. பால்வெட்டுக் கூலிக்குக்கூடக் கட்டாமல் பலர் வெட்டாமல் விட்டார்கள். அதனால் எனக்கு நஷ்டம் வரவில்லை என்று சொல்ல வரவில்லை. விலை ஏறியே இருந்திருந்தாலும் அந்தத் தைகளை நான் எடுத்தது சரிதான். தர்மத்தைச் சந்தை விலையோடு வைத்துப் பார்க்கக் கூடாது.

இனி, மூத்தோர் சொல்லை எப்படிக் காப்பது? எனக்கு ஒரு வழி தோன்றுகிறது. அது நம் திருஏடு வாசிப்பிலேயே இருக்கிறது.

அகிலத்திரட்டு அம்மானையை அய்யாவின் சீடர் அரிகோபாலன் சீடர் தாமரைகுளத்தில் ஏட்டில் எழுதினார். கொல்லம் ஆண்டு 1016, கார்த்திகை மாதம் அது. அச்சில் வந்தது 1939-இல். இடையில் நூறு வருடம் அது கையால் எழுதிய ஏடாகத்தான் இருந்தது. கையில் ஏடு இல்லாதவர்களுக்கும் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? வாசிப்பினால். ஒருவர் வாசிக்க, ஊர் கூடியிருந்து கேட்டது. பதினேழு நாள், முதலிலிருந்து முடிவு வரை. எனக்குப் பிடித்த பகுதியை மட்டும் வாசி என்று யாரும் சொல்வதில்லை. திருக்கல்யாண வாசிப்பு அன்று கூட்டம் அதிகம் வரும், பட்டாபிசேக வாசிப்பு அன்று அதைவிட அதிகம் வரும். ஆனாலும் துன்பம் சொல்கிற நாளும் உண்டு, நம்மைக் கண்டிக்கிற நாளும் உண்டு. அவற்றையும் விடாமல் வாசிக்க வேண்டும். முழுதும் வாசிக்க வேண்டும், கூடியிருந்து கேட்க வேண்டும் என்ற இந்த முறையை நம் பெரியவர்கள் சும்மா வைக்கவில்லை. தனியாக இருந்து கேட்பவன் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்பான். கூட்டத்தில் இருந்து கேட்டால், நான் மறந்ததை நீங்கள் வைத்திருப்பீர்கள், நீங்கள் மறந்ததை நான் வைத்திருப்பேன்.

பாட்டா சொல்லையும் பாட்டி சொல்லையும் அப்படித்தான் காக்க வேண்டும். எங்கள் தாங்கலில் இப்போது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உச்சிப்படிப்பு முடிந்ததும் இதற்கென்று கொஞ்ச நேரம் வைத்திருக்கிறோம். பெரியவர்கள் தங்கள் வீட்டு மூத்தோர் சொன்ன சொல்லைச் சொல்வார்கள். பிள்ளைகள் நோட்டில் எழுதுவார்கள். ஒரு சொல்லை ஒருவர் சொன்னதும், “இதன் மறுபாதி யாருக்காவது தெரியுமா?” என்று கேட்போம். பெரும்பாலும் எங்கோ பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டி கை தூக்குவார். சில சொல்லுக்கு மறுபாதி கிடைப்பதில்லை. அப்போது பிள்ளைகளிடம், “உங்கள் பக்கத்து வீட்டில் கேட்டு வாருங்கள்” என்று சொல்லி அனுப்புகிறோம். பக்கத்து வீட்டுக்காரர் எந்தச் சாதி, எந்த ஆராதனை என்று பார்க்க வேண்டாம் என்றும் சொல்லுகிறோம்.

உங்கள் ஊர்த் தாங்கலிலும் இதைச் செய்து பாருங்கள். தாங்கலில் முடியாவிட்டால் வீட்டில் செய்யுங்கள். மூத்தவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். கேட்கும்போது மூன்று பேரிடம் கேளுங்கள். முதலில் வீட்டுப் பெண்களிடம். பின்னால் நின்று முழுசும் கேட்டவர்கள் அவர்கள்தான். அடுத்து, அந்த மூத்தவரிடம் வேலை செய்தவர்கள், அவரோடு வேலை செய்தவர்கள் இருந்தால் அவர்களிடம். மூன்றாவது அடுத்த வீட்டுக்காரரிடம். அதிலும் உங்களோடு மனத்தாங்கல் உள்ள வீடு இருந்தால் அங்கே முதலில் போங்கள். நீங்கள் விட்டுவிட்ட பாதி அங்கேதான் இருக்கும்.

ஒரு சொல்லைச் சொல்லிப் பார்க்கும்போது அது அடுத்தவனுக்கு மட்டும் புத்தி சொல்வதாக இருந்தால், அது பாதி என்று தெரிந்துகொள்ளுங்கள். நம்மிடமிருந்தும் அது ஏதாவது கேட்டால்தான் அது முழுச்சொல். எங்கள் பாட்டாவின் சொல் என்னிடம் கேட்டது ஒரு ஆள் நடக்கிற இடம். இரண்டடி அகலம். அதைக் கொடுக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இப்போது அந்தக் கடவு வழியாகக் கீழ்வீட்டுப் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போகிறார்கள். காலையில் நான் தாங்கலுக்குத் தண்ணீர் கோரப் போகும்போது எதிரே வருவார்கள். கடவு ஒரு ஆள் போகிற அகலம்தான். யாராவது ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டும். நான் ஒதுங்கி நிற்கிறேன்.

அய்யா எல்லாருக்கும் நல்ல புத்தியும் நல்ல வழியும் தருவாராக.

அய்யா உண்டு.